கிளப்பை வாங்க வருகிறவரை யார் சோதிக்கிறார்கள்?

வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தின் கால்பந்துக் கிளப்புகள் அடிக்கடி கைமாறுகின்றன. வாங்க வருகிறவர் யார், பணம் எங்கிருந்து வருகிறது, அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று விசாரிக்க அங்கே ஒரு நடைமுறை உண்டு. அதைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

“எங்கள் ஊர் டீமுக்கு ஜெர்சி எடுத்துக் கொடுக்க ஒருவர் முன்வந்தால்கூட, அவர் யார் என்ன என்று நாலு பேர் விசாரிப்பார்கள். பிரீமியர் லீக் கிளப்பை வாங்க வருகிற கோடீஸ்வரரை யார் விசாரிப்பது? பணம் இருந்தால் போதுமா?” – வாசகர், தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்

நெடுங்காலம் பணம் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது. 2004-இல்தான் ‘தகுதியும் நேர்மையும் உடையவரா’ என்று பார்க்கும் சோதனை வந்தது. இப்போது அதற்கு ‘உரிமையாளர், இயக்குநர் சோதனை’ என்று பெயர். மேல்தட்டில் ஆடும் 20 கிளப்புகளுக்கு பிரீமியர் லீக் இதை நடத்துகிறது. அடுத்த மூன்று படிகளில் இருக்கும் 72 கிளப்புகளுக்கு இ.எஃப்.எல். (இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்) நடத்துகிறது.

இந்த ஏற்பாட்டில் தொடக்கத்திலிருந்தே ஒரு பலவீனம் உண்டு. லீக் என்பது கிளப்புகளே பங்குதாரர்களாக இருந்து நடத்தும் அமைப்பு. உரிமையாளர்களின் சங்கமே புது உரிமையாளரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. அதனால் 2021 நவம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர் ட்ரேசி க்ரவுச் தலைமையில் வெளியான ஆய்வறிக்கை, லீக்குகளுக்கு வெளியே நிற்கும் ஒரு ஆணையம் வேண்டும் என்றது. 2025 ஜூலை 21 அன்று கால்பந்து நிர்வாகச் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. அந்தச் சட்டத்தின்படி அமைந்த சுயேச்சைக் கால்பந்து ஒழுங்காணையத்தின் பொறுப்பில் முதல் ஐந்து படிகளிலும் உள்ள 116 கிளப்புகள் வருகின்றன.

இரண்டு சோதனைகளும் கேட்கும் கேள்வியே வேறு. லீக்கின் விதி பெரும்பாலும் ஒரு தடைப் பட்டியல். ‘இன்னின்ன குற்றம் செய்தவர் ஆகாது’ என்று சொல்லும். பட்டியலில் சிக்காதவர் உள்ளே வந்துவிடலாம். புதுச் சட்டமோ, வருகிறவர் நேர்மையானவர், நிதி நிலையில் உறுதியானவர், அவருடைய சொத்துக்கும் கடுங்குற்றங்களுக்கும் தொடர்பில்லை என்று ஆணையத்துக்கே திருப்தி ஏற்பட வேண்டும் என்கிறது. திருப்திப்படுத்தும் பொறுப்பு வாங்குபவருடையது. எங்கள் பார்வையில் இருபது ஆண்டுகளில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான்.

“நான் பட்டயக் கணக்காளர் தேர்வுக்குப் படிக்கிறேன். வாங்குபவர் என்னென்ன ஆவணங்கள் கொடுக்க வேண்டும்? நடைமுறையை வரிசையாக விளக்க முடியுமா?” – வாசகி, திருச்சி

முதல் வேலை, யார் யாரைச் சோதிப்பது என்று தீர்மானிப்பது. பிரீமியர் லீக்கில் 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு அல்லது வாக்குரிமை பெறுகிறவர் சோதனைக்குள் வருவார். 2023 மார்ச் வரை இந்த எல்லை 30 சதவீதமாக இருந்தது. பங்கே இல்லாவிட்டாலும் இயக்குநர்களும் தலைமைச் செயல் அதிகாரியும் வருவார்கள். பதவி எதுவும் இல்லாமல் பின்னாலிருந்து உத்தரவு போடுகிறவரை ‘நிழல் இயக்குநர்’ என்பார்கள். அவரும் தப்ப முடியாது.

அடுத்து உரிமை வரைபடம் கேட்பார்கள். கிளப்பை வைத்திருக்கும் கம்பெனி எது, அந்தக் கம்பெனியை வைத்திருக்கும் கம்பெனி எது என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் ரத்தமும் சதையுமான ஒரு மனிதரின் பெயரில் அது முடிய வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். 1862-இல் தொடங்கிய நாட்ஸ் கவுண்டி கிளப்பை 2009-இல் மன்டோ ஃபைனான்ஸ் என்ற நிறுவனம் வாங்கியது. ரசிகர் அறக்கட்டளை தன் பங்குகளையே கொடுத்துவிட்டது. இங்கிலாந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஸ்வென் யோரான் எரிக்சன் கால்பந்து இயக்குநராக வந்தார். மன்டோவுக்குப் பின்னால் வேறொரு வெளிநாட்டு நிதி நிறுவனம் இருந்தது. அதற்குப் பின்னால் யார் என்பது தெளிவாகாத நிலையிலும் அன்றைய லீக் ஒப்புதல் கொடுத்தது. சொன்ன பணம் வரவில்லை. 2010 பிப்ரவரியில் அந்தக் கிளப் 1 பவுண்டுக்குக் கைமாறியது. வரைபடத்தில் ஒரு பெட்டி காலியாக இருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

தனிநபர் ஆவணங்கள் எளிமையானவை: சான்றொப்பமிட்ட பாஸ்போர்ட் நகல், முகவரிச் சான்று, வாழ்ந்த நாடுகளின் குற்றப் பதிவு விவரம், இதுவரை இயக்குநராக இருந்த எல்லா நிறுவனங்களின் பட்டியல், பின்னணி விசாரணைக்குச் சம்மதக் கையெழுத்து. மூடப்பட்ட, திவாலான நிறுவனங்களையும் பட்டியலில் எழுத வேண்டும். சிலர் அவமானம் என்று நினைத்து அவற்றை விட்டுவிடுவார்கள். ஒரு நிறுவனம் நொடித்துப்போனது மட்டுமே பெரும்பாலும் தடையாகாது. ஆனால் அதை மறைத்துப் பொய்த் தகவல் தந்தால், அதுவே தகுதி நீக்கத்துக்குக் காரணம் ஆகிவிடும். கால்பந்துக் கிளப்பின் திவால் மட்டும் வேறு கணக்கு: இரண்டு கிளப்புகளில் இயக்குநராக இருந்து இரண்டும் நொடித்திருந்தாலோ, ஒரே கிளப் அவர் காலத்தில் இரண்டு முறை நொடித்திருந்தாலோ கதவு மூடிவிடும்.

பிறகு பணம். கணக்காளருக்கு வேலை இங்கேதான். மூன்று தனித்தனிக் கேள்விகள் உண்டு, அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவருடைய சொத்து வாழ்நாளில் எப்படிச் சேர்ந்தது? இந்த வாங்குதலுக்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து புறப்படுகிறது? வாங்கியபின் கிளப்பை நடத்தப் பணம் போதுமா? முதல் கேள்விக்குத் தணிக்கை செய்த கணக்குகள், வரித் தாக்கல்கள், தொழிலையோ நிலத்தையோ விற்ற ஒப்பந்தங்கள், வாரிசுப் பத்திரங்கள். இரண்டாவதற்கு வங்கிக் கணக்கு விவரமும், கடன் என்றால் கடன் ஒப்பந்தத்தின் முழு நகலும். மூன்றாவதற்கு வருங்கால நிதித் திட்டம். இ.எஃப்.எல். நடப்பு சீசனின் மிச்சத்துக்கும் அடுத்த சீசனுக்கும் சேர்த்துத் திட்டமும் பணத்துக்கான ஆதாரமும் கேட்கிறது. இந்தத் திட்டத்தை லீக் அதிகாரிகள் முன் வாங்குபவரே விளக்க வேண்டும். மேலே ஏறினால் என்ன, கீழே இறங்கினால் என்ன என்று இரண்டு கணக்கும் அதில் இருக்க வேண்டும்.

இவற்றோடு லீக் தனியாக வெளி விசாரணையாளர்களை நியமிக்கும். பிரிட்டன் அரசின் பொருளாதாரத் தடைப் பட்டியல், அமெரிக்கக் கருவூலத் துறையின் பட்டியல், நீதிமன்றப் பதிவுகள், வாங்குபவரின் சொந்த நாட்டு மொழியில் வந்த பத்திரிகைச் செய்திகள் எல்லாம் அலசப்படும். அரசியல் பதவியில் இருப்பவர், அவர் குடும்பத்தார் என்றால் விசாரணை இன்னும் ஆழமாகப் போகும். கிளப்பின் வழக்கறிஞர்களும் கறுப்புப் பணத் தடுப்பு விதிகளின்படி தங்கள் பங்குக்குத் தனியாகச் சரிபார்த்தாக வேண்டும்.

எவ்வளவு நாள் ஆகும் என்பது ஆளைப் பொறுத்தது. எவர்ட்டனை வாங்க ஃப்ரீட்கின் குழுமம் 2024 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டு டிசம்பர் 19-இல் முடித்தது. செல்சியை டாட் போலி, கிளியர்லேக் கூட்டணி 2022 மே முதல் வாரம் கையெழுத்திட்டு மே 30-க்குள் முடித்துவிட்டது. முந்தைய உரிமையாளர் அப்ரமோவிச் மீது அரசு தடை விதித்திருந்ததால் அந்த விற்பனைக்கு அரசின் தனி உரிமமும் தேவைப்பட்டது.

“நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்ன ஒருவர் லீட்ஸ் யுனைடெட்டை வாங்கினாரே, எப்படி?” – வாசகர், ஈரோடு

இத்தாலியத் தொழிலதிபர் மாசிமோ செல்லினோவைக் கேட்கிறீர்கள். இறக்குமதி வரி கட்டாமல் ஒரு பாய்மரப் படகைக் கொண்டுவந்த வழக்கில் 2014 மார்ச்சில் சர்தீனியா நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 6 லட்சம் யூரோ அபராதம். லீக் உடனே தகுதி நீக்கம் செய்தது. அவர் மேல்முறையீடு செய்தார். ஏப்ரலில் அதை விசாரித்த வழக்கறிஞர் டிம் கெர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்.

காரணம் விதியின் வாசகம். வெறும் குற்றத் தீர்ப்பு போதாது, ‘நேர்மையற்ற செயல்’ நடந்திருக்க வேண்டும் என்று விதி சொன்னது. இத்தாலியில் தீர்ப்பு முதலிலும் அதற்கான விரிவான காரணங்கள் பிறகும் வரும். காரணங்கள் வராத நிலையில், அவர் வேண்டுமென்றே ஏமாற்றினாரா, தவறாகப் புரிந்துகொண்டு கட்டாமல் விட்டாரா என்று சொல்ல முடியாது. அதனால் அவர் வாங்கிவிட்டார். காரணங்கள் கைக்கு வந்ததும் அதே ஆண்டு டிசம்பரில் லீக் மீண்டும் தகுதி நீக்கியது. ஆனால் பிரிட்டன் சட்டப்படி அந்தத் தண்டனை அடுத்த ஆண்டே காலாவதியாகிவிடும். ஆகவே தடை சில மாதங்களே நீடித்தது.

வெளிநாட்டுத் தீர்ப்புகளைப் படிப்பதில் உள்ள சிக்கல் இதுதான். எந்தச் சட்டப் பிரிவு, என்ன மனநிலை நிரூபணமானது, மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்தாக வேண்டும். 2023-இல் பிரீமியர் லீக் விதியைத் திருத்தியபோது இந்த ஓட்டைகளில் சிலவற்றை அடைத்தார்கள். வன்முறை, ஊழல், மோசடி, வரி ஏய்ப்பு, வெறுப்புக் குற்றங்கள் தெளிவாகச் சேர்க்கப்பட்டன. தடைக்குரிய செயலுக்காக விசாரணையில் இருப்பவரையும் நிறுத்திவைக்கலாம் என்றானது. மனித உரிமை மீறலும் பட்டியலில் ஏறியது.

“பரி கிளப் ஏன் அழிந்தது? வாங்கியவரைச் சோதிக்கவே இல்லையா?” – வாசகர், வியாசர்பாடி, சென்னை

வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறோம். 1885-இல் பிறந்த கிளப் அது. எஃப்.ஏ. கோப்பையை 1900-இலும் 1903-இலும் வென்றது. 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் என்பவர் அதை 1 பவுண்டுக்கு வாங்கினார். அன்றைய இ.எஃப்.எல். விதிப்படி முதலில் வாங்கிவிட்டு, ஆதாரங்களை அதன்பின் கொடுக்கலாம். கேட்ட நிதி ஆதாரம் லீக்குக்குத் திருப்தியாக வந்து சேரவே இல்லை. ஆனால் சாவி ஏற்கெனவே கைமாறிவிட்டது. மாதக்கணக்கில் சம்பளம் வராத நிலையிலும் வீரர்கள் ஆடி, 2019-இல் அணியை மேல் படிக்கு உயர்த்தினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 27-இல் கிளப் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது.

வீடு விற்கும்போது பணம் வந்த பிறகு பத்திரம் பதிவார்கள். இங்கே பத்திரம் முதலில், பணம் பிறகு என்று இருந்தது. அதற்குப் பிறகு விதி மாறியது. இன்று ஒப்புதல் இல்லாமல் கட்டுப்பாடு கைமாறக் கூடாது. அந்தப் பாடத்துக்கு ஓர் ஊர் தன் கிளப்பை விலையாகக் கொடுத்திருக்கிறது.

1 பவுண்டு என்ற விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. அந்த 1 பவுண்டோடு கடன், வரி பாக்கி, வீரர் சம்பளம், அடமானத்தில் இருக்கும் மைதானம் எல்லாம் சேர்ந்து வருகின்றன. வாங்கும் விலை எவ்வளவு குறைவோ, அதன்பின் தேவைப்படும் நடப்புச் செலவு பெரும்பாலும் அவ்வளவு அதிகம். எனவே சோதனை செய்கிறவர் பார்க்க வேண்டியது விலையை அல்ல, அடுத்த 18 மாதச் சம்பளப் பட்டியலை.

பண ஆதாரத்தில் வழக்கமாக எங்கே பிசகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். வங்கி மேலாளர் எழுதிய ‘இவர் எங்கள் மதிப்புக்குரிய வாடிக்கையாளர்’ என்ற கடிதத்தைச் சிலர் நீட்டுவார்கள். அதில் தொகையும் இல்லை, வங்கியின் பொறுப்பும் இல்லை. சிலர் பங்குச் சந்தையில் தங்கள் நிறுவனத்தின் மதிப்பைக் காட்டுவார்கள். அந்தப் பங்கை விற்றால் கிடைப்பதே பணம், திரையில் தெரிகிற எண் பணமல்ல. நிலம், சுரங்க உரிமை, கலைப்பொருள் போன்றவற்றின் மதிப்பீட்டுச் சான்றுகளும் அப்படித்தான். இன்னும் சிலர் ஒரே சொத்தை இரண்டு கடன்களுக்கு ஈடாகக் காட்டியிருப்பார்கள்.

இந்தக் கடைசி வகைக் குற்றச்சாட்டு எவர்ட்டன் விவகாரத்தின் நடுவே எழுந்தது. அன்றைய உரிமையாளர் ஃபர்ஹாத் மொஷிரியிடமிருந்த 94.1 சதவீதப் பங்கை வாங்க 777 பார்ட்னர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் 2023 செப்டம்பரில் ஒப்பந்தம் செய்தது. மாதங்கள் ஓடின. லீக் நேராக மறுக்கவில்லை. நிபந்தனைகளை நிறைவேற்றினால் ஒப்புதல் தரலாம் என்ற நிலையை எடுத்தது. கிளப்பின் கடன்களைத் தீர்ப்பது, தான் கொடுத்த கடனைப் பங்கு மூலதனமாக மாற்றுவது, கட்டிக்கொண்டிருந்த மைதானத்துக்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது போன்ற நிபந்தனைகள் அவை. இதற்கிடையே 2024 மே மாதம், தனக்கு ஈடாகக் காட்டப்பட்ட சொத்துக்கள் வேறிடத்திலும் ஈடாக இருக்கின்றன என்று லீடன்ஹால் என்ற லண்டன் நிதி நிறுவனம் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. மே 31-உடன் ஒப்பந்தம் காலாவதியானது.

நிபந்தனை போடும் முறைக்கு நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. பணம் இல்லாதவர் தானாகவே விலகிவிடுவார். ஆனால் அந்த எட்டரை மாதமும் எவர்ட்டன் அன்றாடச் செலவுக்கு அதே நிறுவனத்தின் கடனையே நம்பியிருந்தது. சோதிக்கப்படுகிறவரே சம்பளத்துக்குப் பணம் கொடுக்கும் நிலை வந்தால், சோதிப்பவரின் கை தளர்ந்துவிடும். சோதனைக் காலத்துச் செலவை விற்பவரே ஏற்க வேண்டும், அல்லது அந்தத் தொகை மூன்றாம் நபரின் பொறுப்பில் உள்ள தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

டெர்பி கவுண்டியில் இன்னொரு வகை பார்த்தோம். 2022-இல் கிறிஸ் கிர்ச்னர் வாங்குவதாக ஒப்பந்தம் வரை போயிற்று. குறித்த நாளில் பணம் வந்து சேரவில்லை. கடைசியில் உள்ளூர்க்காரரான டேவிட் க்ளோவ்ஸ் வாங்கிக் காப்பாற்றினார். கிர்ச்னர் பின்னர் அமெரிக்காவில் வேறொரு மோசடி வழக்கில் தண்டனை பெற்றார்.

“நியூகாசிலை வாங்கியது சவுதி அரசா, நிறுவனமா?” – வாசகர், யாழ்ப்பாணம்

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல்தான் முதல் முயற்சி நின்றது. சவுதியின் பொது முதலீட்டு நிதியம், பி.சி.பி. கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம், ரூபன் சகோதரர்கள் ஆகிய மூவரும் 2020 ஏப்ரலில் விண்ணப்பித்தார்கள். நிதியத்தின் தலைவர் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான். அப்படியானால் சவுதி அரசையும் கட்டுப்பாட்டாளராகச் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்பது லீக்கின் நிலை. நிதியம் தனி அமைப்பு என்பது அவர்கள் வாதம். ஜூலையில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். லீக் ‘ஆம்’ என்றும் சொல்லவில்லை, ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை.

2021 அக்டோபர் 7-இல் 30.5 கோடி பவுண்டுக்கு விற்பனை முடிந்தது. நிதியத்துக்கு 80 சதவீதம், மற்ற இருவருக்கும் தலா 10. சவுதி அரசு கிளப்பைக் கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி கட்டுப்படுத்தும் உறுதிமொழி கிடைத்ததாக லீக் அறிவித்தது. அப்படியொரு உறுதிமொழி மீறப்பட்டதா என்று வெளியிலிருந்து யாரும் சரிபார்க்க வழியில்லை என்பதே எங்கள் குறை. புதுச் சட்டத்தின் முதல் வரைவில், உரிமையாளரைப் பரிசீலிக்கும்போது ஆணையம் பிரிட்டனின் வெளியுறவு, வர்த்தக நலனைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. பிறகு அதை நீக்கினார்கள். சரியான முடிவு.

“இந்தியாவில் இருக்கும் தொழிலதிபர் ஒருவர் ஆங்கிலக் கிளப்பை வாங்க நினைத்தால் இங்கே என்ன தடை?” – வாசகர், கோயம்புத்தூர்

இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். லீக் ஒரு வாசல், ரிசர்வ் வங்கி விதிகள் இன்னொன்று. இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒருவர் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர்தான் வெளியே அனுப்பலாம். அதில் ஒரு கிளப்பின் மூலைக்கொடி அளவுகூட வாங்க முடியாது. ஆகவே கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, ஓர் இந்திய நிறுவனம் தன் நிகர மதிப்பில் 400 சதவீதம் வரை வெளிநாட்டில் நிதிப் பொறுப்பு ஏற்கலாம். கொடுக்கும் கடனும் உத்தரவாதமும் அந்தக் கணக்கில்தான் சேரும். வாராக் கடன் பட்டியலில் இருப்பவர், வேண்டுமென்றே கடன் கட்டாதவர், சி.பி.ஐ., அமலாக்கத் துறை போன்ற அமைப்புகளின் விசாரணையில் இருப்பவர் என்றால், கடன் கொடுத்த வங்கியிடமோ விசாரணை அமைப்பிடமோ ஆட்சேபணையின்மைச் சான்று வாங்க வேண்டும். 60 நாளில் பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று கொள்ளலாம்.

புனேயைச் சேர்ந்த வெங்கீஸ் நிறுவனத்தார் 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸை 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். 2012-இல் அணி கீழே இறங்கியது. அதற்குப் பின்னும் ஆண்டுதோறும் இந்தியாவிலிருந்து பணம் போனது. அமலாக்கத் துறை விசாரணையின் தொடர்ச்சியாக, 2023-இலிருந்து கிளப்புக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதியை நாடும் நிலை ஏற்பட்டது. வாங்கும் நாளில் இதை எந்தச் சோதனையும் கண்டுபிடித்திருக்க முடியாது. பணம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, அந்தப் பணம் அதன் நாட்டு எல்லையைத் தாண்டி மாதாமாதம் வந்து சேருமா என்றும் கேட்க வேண்டும். பணம் வெளியே போகக் கட்டுப்பாடு உள்ள சீனா போன்ற நாடுகளிலிருந்து வரும் வாங்குபவர்களிடமும் இதே கேள்வியை அழுத்திக் கேட்பது நல்லது.

“கிரிஸ்டல் பேலஸ் எஃப்.ஏ. கோப்பையை வென்றும் யூரோப்பா லீக்கில் ஆட முடியாமல் போனது ஏன்?” – வாசகர், புதுச்சேரி

ஒருவரே இரண்டு கிளப்புகளை வைத்திருந்ததால். ஒரே போட்டியில் ஆடும் இரண்டு கிளப்புகளில் ஒருவருக்குத் தீர்மானிக்கும் செல்வாக்கு இருக்கக் கூடாது என்பது ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஏஃபாவின் விதி. ஜான் டெக்ஸ்டரின் ஈகிள் குழுமத்துக்கு பேலஸிலும், அதே லீக்குக்குத் தகுதி பெற்ற பிரான்சின் லியோனிலும் பங்கு இருந்தது. விதிப்படி 2025 மார்ச் 1-ஆம் தேதி நிலவரமே கணக்கு. அன்று பேலஸ் கோப்பையை வெல்லவில்லை. வென்றது மே 17-இல். டெக்ஸ்டர் பிறகு தன் பங்கை விற்றும் பயனில்லை. அடுத்த படியிலுள்ள கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறக்கப்பட்டார்கள். ஆகஸ்டில் விளையாட்டு நடுவர் மன்றமும் அதை உறுதி செய்தது. வேறு கிளப் வைத்திருப்பவர் பங்கு வாங்க வந்தால், பிப்ரவரி மாதத்துக்குள் பங்கைச் சார்பற்ற அறக்கட்டளையிடம் ஒப்படைக்கத் திட்டம் இருக்கிறதா என்று கிளப் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும்.

“ஜெர்மனியில் இந்தத் தொல்லை இல்லை என்கிறார்களே?” – வாசகர், மதுரை

அங்கே 50+1 விதி உண்டு. வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்கும். முதலீட்டாளர் பணம் போடலாம், கிளப்பை ஆள முடியாது. பேயர் நிறுவனத்தின் லெவர்கூசன், ஃபோக்ஸ்வேகனின் வோல்ஃப்ஸ்பர்க் ஆகியவை விதிவிலக்குகள்.

“நான் லண்டன் ஈஸ்ட்ஹாமில் வசிக்கிறேன். கிளப்பை யாராவது வாங்க வரும்போது சாதாரண ரசிகர்கள் நாங்களே எதையாவது சரிபார்க்க முடியுமா?” – வாசகி, லண்டன்

நிறைய முடியும், பெரும்பாலும் இலவசமாக. பிரிட்டனின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் இணையதளத்துக்குப் போங்கள். வாங்க வருபவரின் பெயரை இயக்குநர் தேடலில் போடுங்கள். அவர் இயக்குநராக இருந்த நிறுவனங்களில் எத்தனை கலைக்கப்பட்டன என்று தெரியும். அவருடைய முக்கிய நிறுவனத்தைத் திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள். ‘கணிசமான கட்டுப்பாடு உள்ளவர்’ பதிவேட்டில் மனிதர் பெயர் இருக்கிறதா, வேறொரு கம்பெனியின் பெயர் மட்டும் இருக்கிறதா? ஆண்டுக் கணக்குகள் தாமதம் என்று சிவப்பில் எழுதியிருக்கிறதா? அடமானப் பதிவுகளில் எதெல்லாம் யாரிடம் ஈடாக இருக்கிறது? அடமானம் உருவாகி 21 நாளில் பதிவாக வேண்டும் என்பது சட்டம், ஆகவே செய்தித்தாளுக்கு முன்பே அது அங்கே தெரிந்துவிடும். கணக்கு முடிக்கும் தேதியைத் திரும்பத் திரும்ப மாற்றுவதும், தணிக்கையாளர் நடுவில் விலகுவதும் எச்சரிக்கை மணிகள்.

பிறகு மைதானம். நிலப் பதிவகத்தில் சில பவுண்டு கட்டினால் உரிமைப் பத்திரம் கிடைக்கும். மைதானம் கிளப்பின் பெயரில் இருக்கிறதா, உரிமையாளரின் இன்னொரு நிறுவனத்தின் பெயரிலா? டெர்பியின் பிரைட் பார்க்கும் ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயின் ஹில்ஸ்பரோவும் உரிமையாளரின் வேறு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டவை. பின்னால் கிளப்பை விற்கும்போது இந்தப் பிரிவினையே பெரிய முட்டுக்கட்டை ஆனது. 2011-இன் உள்ளாட்சிச் சட்டப்படி உங்கள் ரசிகர் அமைப்பு மைதானத்தைச் ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்று நகராட்சியில் பதிவு செய்யக் கோரலாம். பதிவானால், அதை விற்க முனையும்போது சமூக அமைப்புகள் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கேட்டு வாங்கலாம். கிளப்புக்கு ஆபத்து வரும் வரை காத்திருக்காமல் இதை இந்த வாரமே தொடங்குங்கள்.

“சோதனையில் தேறியவர்களும் கிளப்பைக் கெடுக்கிறார்களே. பிறகு சோதனை எதற்கு?” – வாசகர், கோலாலம்பூர்

உங்கள் நாட்டுத் தொழிலதிபர் வின்சென்ட் டான் 2012-இல் கார்டிஃப் சிட்டியின் நீல நிறத்தைச் சிவப்பாக்கினார். 2015 ஜனவரியில் ரசிகர்களின் போராட்டத்துக்குப் பின் நீலம் திரும்பியது. அவர் எந்தச் சோதனையிலும் தவறவில்லை. நிறத்தின் அருமை தெரியுமா என்று விண்ணப்பத்தில் யாரும் கேட்பதில்லை. இன்றைய சட்டம் அந்த இடத்தில் வேறு காவல் வைத்திருக்கிறது. சின்னத்தையும் ஜெர்சி நிறத்தையும் ரசிகர்களைக் கேட்காமல் மாற்றக் கூடாது, மைதானத்தை ஆணையத்தின் அனுமதியின்றி விற்கக் கூடாது.

வாங்கும் நாளில் நல்லவராக இருந்து பின்னால் சரிகிறவர்களும் உண்டு. பர்மிங்காம் சிட்டியை 2009-இல் வாங்கிய கார்சன் யூங், 2014-இல் ஹாங்காங்கில் கறுப்புப் பண வழக்கில் ஆறு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை மறுசோதனை வேண்டும். பிரீமியர் லீக் இப்போது அதைச் செய்கிறது. ஆணையத்துக்கும், ஏற்கெனவே இருக்கும் உரிமையாளர் மீது சந்தேகம் எழுந்தால் அவரைச் சோதித்து, தகுதியில்லை என்றால் விற்கச் சொல்லும் அதிகாரம் இருக்கிறது. ரெடிங் கிளப்பின் டாய் யோங்கே விஷயத்தில் 2025-இல் இ.எஃப்.எல். தகுதி நீக்கம் செய்து, விற்கக் கெடு விதித்தது. மே மாதம் கிளப் கைமாறியது. அதற்குள் அந்த ஊர் ரசிகர்கள் புள்ளிக் குறைப்பையும் சம்பளத் தாமதத்தையும் சில ஆண்டுகள் பார்த்துவிட்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 2009-10 சீசனில் போர்ட்ஸ்மத் நான்கு உரிமையாளர்களைக் கண்டது. பிரீமியர் லீக்கில் இருந்தபடியே நொடித்து, திவால் நிர்வாகியின் கைக்குப் போன முதல் கிளப் அது, 9 புள்ளிகளையும் இழந்தது. 2013-இல் ரசிகர் அறக்கட்டளையே பணம் திரட்டி வாங்கியது. 2017-இல் அமெரிக்கத் தொழிலதிபர் மைக்கேல் ஐஸ்னர் வாங்க வந்தபோது, லீக்கின் சோதனையோடு சேர்த்து, பங்கு வைத்திருந்த ரசிகர்கள் முன் அவரே நின்று திட்டத்தை விளக்க வேண்டியிருந்தது. அவர்கள் கேள்வி கேட்டு, வாக்களித்து, பிறகே விற்றார்கள்.